பி.எஸ்சி.யிலேயே ஆராய்ச்சி: நாகர்கோவிலில் படித்தால் முடியுமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் அறிவியல் சேரப்போகும் பிள்ளைகளின் வீட்டார் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஆராய்ச்சிதான் பண்ணணும்னு நிக்கிறா. இங்கேயே நாகர்கோவில்ல சேர்க்கலாமா, வெளியே பெரிய யுனிவர்சிட்டிக்கு அனுப்பணுமா?" நான் வேதியியல் பி.எஸ்சி.யை இந்த மாவட்டத்தில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் படித்தேன். எம்.எஸ்சி.க்கு வெளிமாநிலத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனேன். என் பதில்: ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடம் கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். கிடைக்காவிட்டால், வெறும் பெயருக்காக மகளைத் தொலைவுக்கு அனுப்ப வேண்டாம். உள்ளூர்க் கல்லூரியிலேயே ஆராய்ச்சி தொடங்கலாம், கோடை விடுமுறைகளை வெளியே செலவிட்டால்.

பெரிய பல்கலைக்கழகத்தில் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். இருக்கும், படிகத்தின் அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் இருக்கும். ஆனால் அந்தக் கருவிகளுக்கு வரிசை உண்டு. பிஎச்டி ஸ்காலர்கள் முதலில், எம்.எஸ்சி. புராஜெக்ட் அடுத்து. இளநிலை மாணவர் சாம்பிளைக் குப்பியில் போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, ரிசல்ட் மெயிலில் வரக் காத்திருப்பார். அங்கே கிடைக்கும் உண்மையான செல்வம் வேறு. வாராந்தரக் குழுக் கூட்டத்தில் ஒரு ஸ்காலர் பல மாத வேலையை முன்வைப்பார். "பிளாங்க் ஓட்டினாயா?" (சாம்பிளே இல்லாமல் அதே சோதனையைச் செய்து பார்த்தாயா) என்று ஒருவர் கேட்பார், பாதி முடிவு சரிந்துவிடும். ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்பதை அப்படி உட்கார்ந்து பார்ப்பது பெரிய படிப்பு. சின்னக் கல்லூரியில் அது கிடைப்பது அரிது.

சின்னக் கல்லூரியில் கிடைப்பது பியூரெட், கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய். நம் கையில், நாள் முழுக்க. நாங்கள் செய்தது ராஜாக்கமங்கலம், மணக்குடி பக்கத்துக் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்ற ஆய்வு. பட்ஜெட் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மோர் (Mohr) முறை டைட்ரேஷன்தான், அதாவது குளோரைடு உப்பின் அளவைச் சொட்டுக் கணக்கில் கண்டுபிடிப்பது: தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு, மேலிருந்து சில்வர் நைட்ரேட். முதலில் வெள்ளையாக சில்வர் குளோரைடு படியும். குளோரைடு தீர்ந்ததும் செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும், அங்கே நிறுத்த வேண்டும். முதல் செமஸ்டர் ரெக்கார்டு நோட்டிலேயே வருகிற வேலை இது. ஆனால் கேள்வி நம்முடையதாகும்போது அதே டைட்ரேஷன் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. சில்வர் நைட்ரேட்டை உப்புக் கரைசலால் மறுபடி அளந்து சரிபார்க்கிறோம், வெளிச்சம் படாமல் பழுப்பு பாட்டிலில் வைக்கிறோம், ஒவ்வொரு கிணற்றுக்கும் ரெண்டு சாம்பிள் எடுக்கிறோம், பிஎச் 7-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தபின் ஒரு முறை, மே மாதக் கடைசியில் ஒரு முறை என்று எடுத்தால், ஒரே கிணறு இரண்டு கதை சொல்லும். கிணற்றுக்காரப் பாட்டி "சித்திரையில கஞ்சி கரிக்கும் மக்ளே" என்று சொன்னதை நாங்கள் எண்ணாக எழுதினோம். டெல்லியில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது.

விலங்கியல் பிள்ளைகளுக்கு இன்னும் வசதி. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. மீன்பிடித் துறைமுகங்களான சின்னமுட்டமும் குளச்சலும் பஸ்ஸில் போய்வரும் தூரம். மூன்று வருடம் ஒரே குளத்தில் பறவை எண்ணிய மாணவியிடம் இருக்கும் தரவு, இரண்டு மாதம் வந்துபோகும் ஸ்காலரிடம் இருக்காது.

குறைகளும் உண்டு. ஆசிரியர்களுக்கு வகுப்பு, பேப்பர் திருத்தல், நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை என்று நேரமே இருக்காது. அதனால் இரண்டாம் செமஸ்டரிலேயே ஒரு சாரையோ மேடத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலின் பழைய கல்லூரிகளில் பல துறைகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வு மையங்கள். அங்கே ஸ்காலர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு உதவியாகச் சேரலாம். ஆய்வுக் கட்டுரைகள் படிக்க, கல்லூரிகளுக்கான இணைய நூலகச் சேவையான என்-லிஸ்ட்டில் கணக்கு வேண்டுமென்று நூலகரிடம் கேளுங்கள். கேட்காதவரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் கோடை. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் சம்மர் ஃபெலோஷிப்பில் இரண்டு மாதம் ஒரு தேசிய ஆய்வகத்தில் வேலை செய்யலாம். பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்திலும், மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் நியஸ் (NIUS) திட்டத்திலும் இளநிலைப் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. அகாடமிகளின் விண்ணப்பம் முந்தைய வருடக் கடைசியிலேயே முடிந்துவிடும். நம் பிள்ளைகள் ஏப்ரலில்தான் விசாரிக்கிறார்கள், அது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். இதற்கு ஆசிரியரின் ரெக்கமெண்டேஷன் லெட்டர் வேண்டும். உங்களை லேபில் தினமும் பார்த்த சார் எழுதும் கடிதத்தில் நீங்கள் செய்த வேலை இருக்கும். இருநூறு பேர் வகுப்பில் பாடம் எடுத்தவர் எழுதினால் மார்க் மட்டும்தான் இருக்கும். சின்னக் கல்லூரியின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பேன்.

பிளஸ் டூவில் போர்டு அளவில் முதல் ஒரு சதவீதத்தில் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. தூரமாகப் போக வீட்டில் தயங்கினால், திருவனந்தபுரம் பக்கத்தில்தான். விதுராவில் ஐசர், பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம். ஒரு பேராசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எது புரிந்தது, நீங்கள் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், எந்த மாதங்களில் வர முடியும் என்று அவருக்கு மட்டும் எழுதுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் பதில் வராது.

அட்மிஷனுக்குக் கல்லூரி பார்க்கப் போகும் நாளில் கட்டடத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், மூன்றாம் வருட மாணவிகள் இரண்டு பேரிடம் பேசுங்கள். புராஜெக்ட் என்ன செய்தார்கள், தலைப்பை யார் தேர்ந்தெடுத்தது, அளவுகளைத் தாங்களே எடுத்தார்களா, போன வருடப் பிரதியை டிடிபி கடையில் பெயர் மாற்றி பைண்ட் பண்ணினார்களா என்று கேளுங்கள். பிள்ளைகள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.