வேர்டில் சமன்பாடு: பின்னம் ஏன் சுருங்குகிறது?

வேர்டில் ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி வரும். உள்ளே 3/4 என்று அடித்து ஸ்பேஸ் தட்டுங்கள். மேலும் கீழுமாக நிற்கும் பின்னமாகிவிடும். அடுக்குக்கு ^, கீழ்க்குறிக்கு _. பின்னத்தின் பகுதியில் (கோட்டுக்குக் கீழே) கூட்டல் இருந்தால் அடைப்புக்குறி போடுங்கள்: 1/(2+5). பின்னமாக மாறியதும் அந்த அடைப்புக்குறி தானே மறைந்துவிடும். மௌஸை வைத்துக்கொண்டு மெனுவில் தேடுவதெல்லாம் வீண் வேலை.

பலரைக் குழப்புவது, பின்னம் திடீரெனச் சிறுத்துப்போவதுதான். சமன்பாடு தனிப் பத்தியாக நின்றால்தான் முழு அளவில் வரும். அதே வரியில் பெட்டிக்கு வெளியே ஒரு முற்றுப்புள்ளி இருந்தாலே போதும், வரிக்குள் அடங்கும் வடிவத்துக்கு மாறிப் பின்னம் ஒடுங்கிவிடும். புள்ளியைப் பெட்டிக்குள்ளேயே போடுங்கள். எண்ணிடுவதற்காக வெளியே டேப் அடித்தாலும் இதே கதிதான். புதிய பதிப்புகளில் சமன்பாட்டின் கடைசியில் #(1) என்று அடித்து என்டர் தட்டினால் எண் வலது ஓரம் போய் நிற்கும்.

சமன்பாட்டின் தலை வெட்டுப்பட்டிருந்தால் பத்தியின் வரி இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலும் ‘எக்ஸாக்ட்லி’ என்றிருக்கும். ‘சிங்கிள்’ ஆக்குங்கள். கோப்பைப் பழைய ‘டாக்’ (.doc) வடிவில் சேமிக்காதீர்கள். சமன்பாடுகள் படங்களாகிவிடும், அந்த வடிவில் இருக்கும்வரை திருத்த முடியாது.