அவர் சொன்ன ‘ஓம்’

மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிவிட்டு, “ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்டார். கூண்டில் நின்றவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். “ஓம்” என்றார். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்க்க, பெஞ்ச் கிளார்க், “சிலோன்காரர் சார், ஆமான்னு சொல்றார்” என்று விளக்கம் கொடுத்தார். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

இது நடந்தது 2009இல். நான் வக்கீலாகப் பதிவு செய்து மூன்றாவது வருடம். தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிரிமினல் சைடு சீனியரிடம் ஜூனியர். கூண்டில் நின்றவர் மன்னார்ப் பக்கம். 2006இல் படகில் வந்து, மண்டபம் அகதிகள் முகாமில் பதியாமல் நேரே சென்னைக்கு வந்துவிட்டவர். வளசரவாக்கத்தில் தங்கி பெயிண்டிங் வேலை பார்த்திருக்கிறார். ஒரு ராத்திரி ரோந்தில் பிடிபட்டார். 1946ஆம் வருட வெளிநாட்டினர் சட்டம், 14ஆம் பிரிவு. ஜாமீன்தாரர் கிடைக்காமல் புழலில் ஐந்து மாதம் கழிந்திருந்தது.

சீனியர் சொன்ன கணக்கு சுலபமானது. கேஸை நடத்தினால் சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா என்று ஒரு வருடம் ஓடிவிடும். ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த நாளையே தண்டனையாகக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். நல்ல கணக்குதான். திருட்டுக் கேஸ், அடிதடிக் கேஸ் எல்லாவற்றிலும் அன்றாடம் போடுகிற கணக்கு. அவரிடம் போய், “அண்ணா, சரின்னு சொல்லிடுங்க, இந்த வாரமே முடிஞ்சிடும்” என்றேன். மாஜிஸ்திரேட்டும் நாங்கள் கேட்டபடியே செய்தார்.

ரிலீஸ் அன்று நானும் புழலுக்குப் போயிருந்தேன், பெருமையாக. அவர் மனைவி ஒரு கட்டைப்பையில் புதுச் சாரமும் சட்டையும் வைத்துக்கொண்டு நின்றார். கேட்டுக்கு வெளியே போலீஸ் வேன் நின்றது. கையில் அரசாணை. இன்னார் வெளிநாட்டவர், நாட்டை விட்டு அனுப்பப்படும் வரை சிறப்பு முகாமில் தங்க வேண்டும். அவ்வளவுதான். வேனில் ஏறும்போது அவர் கோபப்படக்கூட இல்லை. “தங்கச்சி, முடிஞ்சுது எண்டு சொன்னனீங்கள்” என்றார். பை மனைவி கையிலேயே இருந்தது.

பதினாறு மாதம் அங்கே இருந்தார். தண்டனைக்கு ஒரு முடிவு தேதி உண்டு. சிறப்பு முகாமுக்கு அது கிடையாது. அரசின் கணக்கில் அது சிறை இல்லை, ‘தங்குமிடம்’. இன்றைக்குத் திருச்சியில் மத்திய சிறை வளாகத்துக்குள்ளேயே அந்தத் தங்குமிடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஜூனியர்களுக்கு நான் வகுப்பு எடுக்கத் தொடங்கியதற்கு அந்த ‘ஓம்’தான் காரணம். இப்போது ஆறு வருடமாக, மாதம் ஒரு சனிக்கிழமை, பாரிமுனையில் அரண்மனைக்காரத் தெருவில் ஒரு மாடி அறையில் நடக்கிறது. அந்தத் தெருப் பெயரே ஒரு பாடம். ஆர்மேனியர்கள் குடியிருந்த தெரு அது. அவர்களுடைய 1772ஆம் வருடத்துத் தேவாலயம் இன்னும் அங்கே நிற்கிறது. ‘ஆர்மேனியன்’ நம் வாயில் நுழையாமல் ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டது. வெளியூர்க்காரனை இந்த ஊர் உள்ளே இழுத்துக்கொண்ட விதம் அப்படி. விசாவெல்லாம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பதினைந்து இருபது பேர் வருவார்கள். பெரும்பாலும் கிரிமினல் சைடு பிள்ளைகள், கொஞ்சம் ரிட் சைடு, அதாவது அரசு உத்தரவுகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுகிறவர்கள். டீயும் பிஸ்கட்டும் என் செலவு. முதல் வகுப்பில் சட்டமே கிடையாது. மேலே சொன்ன கதையைச் சொல்லிவிட்டு, “நான் எங்கே தப்பு செய்தேன்?” என்று கேட்பேன். அப்பீல் போகாதது என்பார்கள். அரசாணையை எதிர்த்து ரிட் போடாதது என்பார்கள். ஜாமீனுக்கு இன்னும் முயன்றிருக்கலாம் என்பார்கள். அந்தத் தலையாட்டலை முதல் தடவையிலேயே சொன்னவர்கள் இதுவரை இரண்டு பேர்தான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதில் மூன்று விஷயங்களையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாக ஆகிறது. நான் வெளிநாட்டவன், அனுமதி இல்லாமல் வந்தேன், அனுமதி இல்லாமல் இருந்தேன். இது தீர்ப்பில் ஏறிவிட்டால், பிறகு வெளியேற்ற உத்தரவை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். குடியுரிமைச் சட்டத்தில் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று ஆகிவிட்டவர் பதிவு மூலமோ, நீண்ட காலம் குடியிருந்ததைக் காட்டிக் கேட்கும் இயல்புரிமை மூலமோ குடியுரிமை கேட்கவே முடியாது. ஒரு வருடச் சிறையை மிச்சப்படுத்தப் போய் ஆயுசுக்கும் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

2011 வாக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் படித்தேன். படில்லா எதிர் கென்டக்கி, 2010. ஹோண்டுராஸ்காரர், நாற்பது வருடமாக அங்கே வாழ்ந்த லாரி டிரைவர். கஞ்சா கேஸ். “இவ்வளவு வருடம் இருந்துவிட்டீர்கள், நாடு கடத்த மாட்டார்கள், கவலைப்படாதீர்கள்” என்று வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று கோர்ட் சொன்னது. நம் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனால் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது வகுப்பு, கேட்பது. கேள்வி கேட்பதைச் சொல்லவில்லை, காதால் கேட்பது. நாமும் தமிழ், அவர்களும் தமிழ், இதில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஒரு முறை வகுப்பில், கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து ஒரு அம்மாவை அழைத்திருந்தேன். அவர் பேசப் பேச எல்லோரும் அஃபிடவிட்டுக்குக் குறிப்பு எடுக்க வேண்டும். “ஆமி வந்து அவரைப் பேசிப்போட்டு, காம்புக்குக் கொண்டு போனவங்கள், மூண்டு நாள் வச்சிருந்தவங்கள்” என்றார் அந்த அம்மா. குறிப்புகளை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர், “ராணுவத்தினர் வந்து என் கணவரிடம் பேசி, மூன்று நாட்கள் முகாமில் தங்கவைத்தனர்” என்று எழுதியிருந்தார்கள்.

அங்கே ‘பேசுவது’ என்றால் ஏசுவது. சாதாரணப் பேச்சுக்குக் ‘கதைப்பது’. ‘காம்ப்’ என்றால் ராணுவ முகாம். அதாவது அந்தம்மா சொன்னது, திட்டி இழுத்துக்கொண்டு போய் மூன்று நாள் அடைத்து வைத்தார்கள் என்று. நம் பிள்ளைகள் எழுதியதைப் படித்தால் ராணுவம் ஏதோ விருந்தோம்பல் செய்தது போல இருக்கிறது. திரும்பிப் போகப் பயம் என்று சொல்லும் மனுவில் இந்த வரியைப் போட்டு, கீழே அவர் கையெழுத்தையும் வாங்கி, “படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு” என்று நோட்டரி முத்திரையும் அடித்துவிட்டால் என்ன ஆகும்? அங்கேயும் ஒரு ‘ஓம்’தான். அந்தம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, “நீங்கள் படிச்ச ஆக்கள், நான் என்னத்தைச் சொல்ல” என்றார். படித்துக் காட்டியிருந்தால் அவர் மறுத்திருக்கவே மாட்டார்.

மூன்றாவது வகுப்பு கொஞ்சம் கணக்குப் பாடம் மாதிரி. கரும்பலகையில் இரண்டு தேதிகள் எழுதுவேன். 1987 ஜூலை 1, 2004 டிசம்பர் 3. முதல் தேதிக்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர், அப்பா அம்மா யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். இரண்டு தேதிக்கும் நடுவில் பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு என்றால், இருவரும் குடிமக்கள், அல்லது ஒருவர் குடிமகன், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்ல. அக்கா 1985இல் மண்டபம் முகாமில் பிறந்தவள், தம்பி 1989இல். அக்கா இந்தியர், தம்பி இல்லை. அக்காவுக்கு 2003இல் பிறந்த மகள் இந்தியர். 2006இல் பிறந்த மகன், தகப்பன் படகில் வந்தவர் என்றால், இல்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. சட்டம் அப்படியேதான் இருந்தது. முகாமில் பிறந்தவர் என்றாலே வெளிநாட்டவர் என்று எல்லோரும், அவர்களே உட்பட, ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

தேதிக்கு அடுத்த கேள்வி, “தாத்தா எந்த ஊர், எந்தத் தோட்டம்?” இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகம் என்று பதில் வந்தால் பேனாவைக் கீழே வைக்கக் கூடாது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. பெட்டிக்கு அடியில் பழைய இந்தியப் பாஸ்போர்ட் கிடக்கலாம்.

‘விருப்பத்துடன் திரும்பிச் செல்கிறேன்’ என்ற கையெழுத்து வேறு ஒரு தொல்லை. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு இங்கிருந்த சூழ்நிலை தெரிந்ததே. அகதிகளைத் திருப்பி அனுப்புவது தொடங்கியபோது நெடுமாறனும் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விருப்பம் நிஜமான விருப்பம்தானா என்று பார்ப்பதில் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு வேலை வந்தது அந்தச் சமயத்தில்தான். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால் கையில் இருக்கிற ஆயுதங்கள் கொஞ்சம்தான். அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு, நடைமுறை பிசகக் கூடாது என்ற வாதம், அப்புறம் இந்த ‘விருப்பம்’.

2025 செப்டம்பர் 1 முதல் 1946 சட்டம் போய் புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம் வந்துவிட்டது. மனப்பாடமாக இருந்த பிரிவு எண்களெல்லாம் வீண். 2015 ஜனவரி 9 வரை வந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நிம்மதிதான். ஆனால் ‘பதிவு செய்துகொண்ட’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வளசரவாக்கம் பெயிண்டர் ஞாபகம் வரும். ‘வெளிநாட்டவன் இல்லை’ என்று நிரூபிக்கும் சுமை மட்டும் புதிய சட்டத்திலும் சம்பந்தப்பட்டவர் தலையில்தான். எந்த ஆதாரமும் இல்லாமல் யாரையும் கைகாட்டி நிரூபி என்று சொல்ல முடியாது என்று 2024இல் அசாம் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிள்ளைகள் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் மே மாதம் ஈழத்தமிழர் ஒருவர் வழக்கில் ‘இந்தியா தர்மசாலா அல்ல’ என்று அதே கோர்ட் சொன்னதும் அவர்களுக்குத் தெரியும். அந்த மாத வகுப்பில் ஒருத்தரும் பிஸ்கட் எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு பையன் கோர்ட் வராந்தாவிலிருந்து போன் செய்தான். ஏர்போர்ட்டில் பிடித்த கேஸ். முகாம்காரர், வெளியாள் முகவரியில் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்குக் கிளம்பியிருக்கிறார்.

“மேடம், ஒப்புக்கிட்டா ஃபைனோட முடிச்சிடலாம்னு அரசு வக்கீல் ஏபிபி சொல்றார். நல்ல மனுஷன் மேடம், உதவியாத்தான் சொல்றார்.”

“எங்க பொறந்தார்னு கேட்டியா?”

“மண்டபம் கேம்ப்ல.”

“எந்த வருஷம்?”

“ஆதார்ல 88னு இருக்கு.”

“ஆதாரை விடு தம்பி. அவங்க அம்மா இருக்காங்களா?”

பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டான். அம்மாவுக்கு வருடம் தெரியவில்லையாம். ஆனால் எம்ஜிஆர் செத்த அன்று முகாமே அழுதுகொண்டிருந்தபோது இவன் வாசலைத் தாண்டி நடந்து போய்விட்டான், தேடிப் பிடித்தோம் என்று சொன்னாராம். எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர் 24. நடக்கிற பிள்ளை. பையன் போனிலேயே விரல் விட்டு எண்ணுவது எனக்குக் கேட்டது.

“வாய்தா வாங்கு” என்றேன்.

வாங்கிவிட்டான், இரண்டு வாரம். மண்டபத்தில் பிறப்புப் பதிவேடு தேட வேண்டும். போட் மெயிலில் தட்கல்கூடக் கிடைக்கவில்லை என்று அன்று ராத்திரியே கிளாம்பாக்கத்தில் ராமேஸ்வரம் பஸ் ஏறியிருக்கிறான்.