புது வீடு, பழைய அட்வான்ஸ்

டிசம்பர் 14, 2024, சனி

சாமான்கள் வந்து சேர்ந்துவிட்டன. பீரோக் கண்ணாடி மட்டும் வழியில் விரிசல் விட்டுவிட்டது. அடுப்பு இணைக்கவில்லை. பாயை விரித்து நான்கு பேரும் முழங்காற்படியிட்டோம். சின்னவன், "ஆண்டவரே, இந்த வீட்டில் தண்ணீர் நிற்காமல் வரட்டும்" என்று ஜெபித்தான். அதற்குத்தான் எல்லோரும் உரக்க ஆமென் சொன்னோம்.

டிசம்பர் 16, திங்கள்

பழைய வீட்டுக்காரர் அண்ணாச்சி போனை எடுக்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

எடுத்தார். அடுத்த குடித்தனக்காரர் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறாராம். பதினெட்டாயிரம் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ், ஒரு லட்சத்து எண்பதாயிரம். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பெங்களூரில் வழக்கம். அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மீதியைச் சாவி கைமாறுகிற அன்றே தருவதுதானே முறை? வாங்கிய பணத்தைச் செலவழித்துவிட்டு, வருகிறவர் பணத்தை எடுத்துப் போகிறவருக்குக் கொடுப்பது இங்கே பல வீடுகளில் நடக்கிறது. வருகிறவர் வராவிட்டால் போகிறவர் காத்துக் கிடக்க வேண்டும். இந்த வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸுக்காக என் வளையல்கள் நான்கும் அடகில் இருக்கின்றன.

யாரோ ஒருவர் என்றால் இவ்வளவு வலிக்காது. அண்ணாச்சி எங்கள் சபை. ஆண்கள் பக்கம் நான்காவது பெஞ்சு.

டிசம்பர் 19, வியாழன்

ஆழ்குழாய்த் தண்ணீர். குழாய் வாயைச் சுற்றி உப்பு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்கிறது, மறுநாள் மறுபடியும் படிகிறது. எவர்சில்வர் தட்டுகளெல்லாம் திட்டுத்திட்டாகிவிட்டன. சோறு வடிக்கக் கேன் தண்ணீர்தான். கேன் தூக்கும்போதெல்லாம் அண்ணாச்சியின் நினைவு வருகிறது. அவரிடம் இருக்கிற பணம் கையில் இருந்தால் இன்னும் நல்ல வீடாகப் பார்த்திருக்கலாம். இப்படியே சாயங்காலம் வரை மனம் அங்கேயே கிடந்தது.

சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியருக்கு எழுதியிருக்கிறார் பவுல். மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. தணியவில்லை. தணியவில்லை என்பதையே ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் சங்கத்து அக்கா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுக்கொடுத்துவிடு, கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அண்ணாச்சியின் கையை யாராவது இப்படிப் பிடித்து, "கொடுத்துவிடுங்கள், கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார்" என்று சொன்னார்களா? மன்னிப்பைப் பற்றி நாங்கள் எப்போதும் இழந்தவரிடமே போய்ப் பேசுகிறோம். வைத்திருப்பவரிடம் யாரும் போவதில்லை. வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு.

இரவு ஊரிலிருந்து தம்பி பேசினான். வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறான். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டத்தில் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று இருக்கிறதாம். அது வெறும் மாதிரிச் சட்டம்தான், மாநிலம் சட்டமாக ஏற்றால்தான் செல்லும் என்றேன். "நீ எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாய் அக்கா" என்று கோபித்துக்கொண்டான்.

அவனிடம் சொல்லாத பதில் ஒன்று உண்டு. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போவதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கொரிந்தியரைக் கேட்கிறார் பவுல். அந்த வசனம் என்னைத் தூங்க விடவில்லை. எழுந்து முழு அதிகாரத்தையும் வாசித்தேன். அதற்குச் சற்று முன்பே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: சகோதரரின் வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா? அந்தக் கேள்வி என்னிடம் மட்டும் கேட்கப்பட்டதல்ல. சபை முழுவதுக்குமானது.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்து பிறந்தார். இன்று இதைத் தவிர எதையும் எழுத மாட்டேன்.

ஜனவரி 1, 2025, புதன்

நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். எனக்கு ஏசாயா 43:19. "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்." பெரியவள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள்.

முந்தின வசனம், முந்தினவைகளை நினைக்க வேண்டாம் என்கிறது. பார், அட்வான்ஸை மறந்துவிடு என்று அர்த்தம் என்கிறார் இவர், பாதி ஆறுதலாக. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே சொல்லப்படும் முந்தினவை சமுத்திரம் பிளந்து வழி உண்டான விடுதலை. அதைவிடப் பெரியதைச் செய்வேன் என்று பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது. கணக்கை மறைக்க அதை எடுக்கக் கூடாது.

இவருக்கு வேலை கேட்ட எந்த அலுவலகத்திலிருந்தும் பதில் இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று முதல் பஸ் கட்டணம் 15 சதவீதம் கூடிவிட்டது. எனக்கும் பெரியவளுக்கும், பெண்களுக்கான கர்நாடக அரசின் சக்தித் திட்டத்தில் இலவசம். இவர் சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுத்ததை நான் கவனிக்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆண்டின் முதல் ஞாயிறு, உடன்படிக்கை ஆராதனை. 1755இல் லண்டனில் ஜான் வெஸ்லி தொடங்கிவைத்த வழக்கம். என்னை வேலைக்கு வைத்தாலும் சரி, ஒதுக்கிவைத்தாலும் சரி, நிறைத்தாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி, நான் உம்முடையவன் என்று சபையே எழுந்து நின்று சொல்ல வேண்டும். 'ஒதுக்கிவைத்தாலும்' என்ற இடத்தில் ஆண்கள் பக்கத்திலிருந்து இவருடைய குரல் தனியாகக் கேட்டது. தடுமாறாமல் சொன்னார். நான்தான் அழுதுவிட்டேன்.

பிறகு சமாதானம் கொடுக்கும் நேரம். பீடத்திலிருந்து பெஞ்சு பெஞ்சாக வந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பினார். அண்ணாச்சியின் மனைவி. வலது உள்ளங்கையை என் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் மூடினார். என் இடது கையும் தானாகவே மேலே போய் மூடிக்கொண்டது. அவருடைய விரல்களில் பூண்டு வாசனை. நகம் ஒன்று கறுத்திருந்தது. "தேவ சமாதானம்" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் அடுத்தவருக்குக் கொடுத்தேன். கொடுக்காமல் என்னிடமே நிறுத்திக்கொள்ள முடியாது அல்லவா?

ஜனவரி 8, புதன்

அடகுக்கு வட்டி கட்டிவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

மத்தேயு 18. உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் தனித்திருக்கையில் போய்ச் சொல், கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். படி படியாக இவ்வளவு தெளிவாக வழி இருக்கும்போது நாங்கள் ஏன் முதுகுக்குப் பின்னால் பேசியே காலத்தைக் கழிக்கிறோம்?

அதே அதிகாரத்தில்தான் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன், நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். நூறு வெள்ளிப்பணம் சில்லறை அல்ல. நாளுக்கு ஒரு பணம் கூலி, அதாவது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அந்தக் கடன் கடனே அல்ல என்று இயேசு சொல்லவில்லை. தொண்டையைப் பிடித்ததைத்தான் கேட்டார். எனவே கேட்கப் போகிறேன். தொண்டையைப் பிடிக்கப் போவதில்லை. நாளைக்கே போகிறேன், தனியாக.

ஜனவரி 11, சனி

போனேன். கேட்டில் 'வாடகைக்கு' பலகை அப்படியே தொங்குகிறது. அண்ணாச்சி வீட்டு அக்கா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அண்ணாச்சி, சண்டை போட வரவில்லை. என் வளையல் அடகில் இருக்கிறது, இவருக்கு வேலை இல்லை, உங்களுக்கே தெரியும். பணம் எங்கே போயிற்று என்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள்."

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டிவிட்டேன் அம்மா என்றார். ஊரில் இருக்கும் நிலம் விலைபோகும் என்று நம்பியிருந்தாராம். அந்தப் பிள்ளைதான் சின்னவனுக்கு ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தவள். அவள் படிப்பு நிற்கட்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. என் வளையல் போகட்டும் என்றும் நினைக்க முடியவில்லை. இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அறுபதாயிரம், மீதி மூன்று தவணை என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். முகம் மாறியது. "சபைக்காரர்களுக்குள் காகிதம் எதற்கு?"

பிலேமோனுக்குப் பவுல் எழுதின கடிதம் மனதில் இருந்தது. உம்முடைய அடிமை ஒநேசிமு பட்ட கடனை என் கணக்கில் வைத்துக்கொள்ளும், நானே தீர்ப்பேன் என்று பவுல் தன் சொந்தக் கையால் எழுதிக் கொடுத்தார். அதைச் சொன்னேன். அண்ணாச்சி எழுந்து போய்ப் பேனா எடுத்துவந்தார். தேதி போட்டு, தமிழில் கையெழுத்திட்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

சங்கராந்தி. பக்கத்து வீட்டு அம்மாள் எள்ளு வெல்லம் தட்டில் கொண்டுவந்தார். இதைத் தின்று நல்லதையே பேசுங்கள் என்று சொல்லிக் கொடுப்பது கன்னடக்காரர்களின் வழக்கம். கொப்பரைத் துண்டும் வேர்க்கடலையும் பொடிப்பொடியாக நறுக்கிய வெல்லமும். சின்னவன் கால் மணி நேரத்தில் தட்டைக் காலி செய்தான். இந்தத் தெருவில் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் ஆள் அவர்.

பணம் வரவில்லை.

ஜனவரி 15, புதன்

காலையில் வந்துவிட்டது. ஐம்பதாயிரம். சொன்னதில் பத்தாயிரம் குறைவு. மீதியை வெள்ளிக்குள் அனுப்புவதாக அவரே பேசினார். கேட்பதற்கு முன்னால் அவராகப் பேசியது இதுதான் முதல் முறை. ஸ்தோத்திரம்.

ஜனவரி 17, வெள்ளி

பத்தாயிரமும் வந்தது. இரண்டு அடகு ரசீதில் ஒன்றை மீட்டுவிடலாம், கடை பத்தரைக்குத்தான் திறக்கிறார்கள். இவருக்கு ஹெப்பாள் பக்கம் ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, திங்கட்கிழமை பதினொரு மணி. வெள்ளைச் சட்டையை இன்றே இஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும்.