ரெட்டினாவை விட்டு குளுக்கோமாவுக்கு வந்த கதை

கண் மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பு முடியப்போகிறது என்றால் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அடுத்து என்ன ஃபெல்லோஷிப்?" ஃபெல்லோஷிப் என்பது கண்ணின் ஒரே பிரிவில் எடுக்கும் மேற்பயிற்சி. பொதுக் கண் மருத்துவராகவே இருந்துவிடுகிறேன் என்று சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே ஃபெல்லோஷிப் சேர்ந்தவர்களும் உண்டு.

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ரெட்டினா, அதாவது விழித்திரைப் பிரிவின் மேல் ஆசை. எனக்கும்தான். அறை விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்குள் நுழைத்த ஒளிக்குழாயின் வெளிச்சத்தில், விழித்திரை மேல் படர்ந்த சவ்வை நுண்ணிய இடுக்கியால் உரித்தெடுப்பார்கள். அதைப் பார்த்த அன்று வேறு எந்தப் பிரிவும் மனதில் நிற்காது. ஆனால் அங்கே போஸ்டிங் போனபிறகுதான் அவர்களுடைய சாதாரண நாள் தெரிந்தது. ஓசிடி (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) பார்ப்பது, கண்ணுக்குள் ஊசி போடுவது. சொந்த லென்ஸ் இருந்தால் கருவிழி விளிம்பிலிருந்து 4 மி.மீ., செயற்கை லென்ஸ் என்றால் 3.5 மி.மீ. அளந்து குத்து, அடுத்தவரைக் கூப்பிடு. நடுவில் விழித்திரை விலகிய ஒருவர் வருவார். விழித்திரையின் மையமான மேக்குலா இன்னும் ஒட்டியிருந்தால் காத்திருக்க முடியாது, மாலைத் திட்டமெல்லாம் போச்சு. கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றும் விட்ரெக்டமி இயந்திரம் இல்லாமல் தனியாக கிளினிக் வைத்தாலும் பாதி வேலை கையில் இருக்காது.

கார்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) மாற்றும் பிரிவு பிடித்திருந்தது, தானக் கண் வரும் நேரத்துக்குத் தூக்கத்தை ஒப்படைக்கத்தான் மனமில்லை. மாறுகண் பிரிவுக்கு வேண்டிய பொறுமை என்னிடம் கிடையாது. அழும் குழந்தையின் கண்ணை டார்ச் அடித்துப் பார்ப்பதே தனிக் கலை.

பெரும்பாலும் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் குளுக்கோமாவை யாரும் சிபாரிசு செய்யவில்லை. "நன்றி சொல்ல ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார் ஒரு சீனியர். உண்மைதான். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பதுதான் வேலை. "சொட்டு மருந்து போட்டும் தெளியலையே டாக்டர்" என்பார்கள், அதுவும் எரிகிற மருந்து. ஆனால் ஒரே நோயாளியின் பழைய விஷுவல் ஃபீல்டு (பார்வைப் பரப்புப் பரிசோதனை) தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மூக்குப் பக்கத்துக் கறுப்பு பரவியிருக்கிறதா என்று தேடுவது எனக்கு அலுக்கவே இல்லை. கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய வழி செய்யும் டிராபெகுலெக்டமி அறுவையும் அப்படித்தான். தையல் போட்டதோடு முடியாது. அடுத்த சில வாரங்கள் அந்த நீர் வந்து சேரும் கொப்புளமான பிளெப்பைப் பார்த்து, அழுத்தம் ஏறினால் லேசரால் ஒரு தையலை அறுத்துவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். நண்பர்களுக்கு இது சலிப்பு. எனக்கு இதுதான் ருசி.

இடம் தேடும்போது துறைத் தலைவர்களை விட, அங்கே அப்போது படித்துக்கொண்டிருந்த ஃபெல்லோக்களிடம்தான் பேசினேன். கேட்டது ஒன்றே: "எத்தனை கேஸ் நீங்களே முழுசா செய்றீங்க?" பெயர்பெற்ற ஓரிடத்தில் பதில் வராமல் சிரிப்புதான் வந்தது. சரி என்று, பெயர் அவ்வளவு தெரியாத, ஆனால் கத்தியைக் கையில் கொடுக்கிற இடத்தில் சேர்ந்தேன். கண்புரை எடுக்கும் ஃபேக்கோ அறுவை மறந்துபோகுமோ என்ற பயமும் இல்லை. குளுக்கோமாக்காரர்களுக்கும் கண்புரை வருமே.