அப்பா எழுதிய ஆய்வுக் கட்டுரைகள்

பதவி உயர்வுப் படிவத்தில் மொத்த மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ், தன்-மேற்கோள் நீக்கிய எண்ணிக்கை என்று அடுத்தடுத்து மூன்று கட்டங்கள். என் கட்டுரையை இன்னொரு கட்டுரை சுட்டினால் அது மேற்கோள், நானே சுட்டிக்கொண்டால் தன்-மேற்கோள், அவற்றை வைத்துப் போடும் ஒரு மதிப்பெண் எச்-இண்டெக்ஸ். நெல் மரபியலிலேயே காலம் தள்ளிய எனக்கு அவற்றை நிரப்ப ஒரு மாலைப்பொழுது போதும் என்று தோன்றியது. சந்தா கட்டிப் பார்க்கும் தரவுத்தளம் ஒன்றில் என் பெயரைத் தட்டினேன். பாதிக் கட்டுரைகள்தான் வந்தன. மீதியை எல்லாம் என் அப்பா எழுதியிருந்தார்.

அப்பா உசிலம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருந்தவர். நெல் வேரின் ஆழத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம் பகுதிகளைப் பற்றிய கட்டுரைக்கு அவரைச் சொந்தக்காரர் ஆக்கியது என் முதலெழுத்து. சில ஆய்விதழ்களில் குடும்பப் பெயர் கொடுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. முதலெழுத்தை விரித்து எழுதியே ஆக வேண்டும். வேறு சில இதழ்கள் என் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு அப்பாவை ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டன. ஆக, ஒரே ஆள் இரண்டு ஆராய்ச்சியாளர் ஆனேன். போதாக்குறைக்கு, என் பெயர்கொண்ட ஒரு பல் மருத்துவரின் கட்டுரைகளும் என் கணக்கில் ஏறியிருந்தன. ஈறு வீக்கத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

இரண்டு கணக்குகளையும் இணைக்கக் கோரும் படிவத்தில் ஒவ்வொரு கட்டுரையாக 'என்னுடையது', 'என்னுடையதல்ல' என்று குறிக்க வேண்டும். ஆர்க்கிட் (ORCID) எண் இருந்த கட்டுரைகள் சிக்கலின்றி வந்து சேர்ந்தன. 2012இல் தொடங்கிய இந்த 16 இலக்க அடையாள எண்ணை எந்த ஆராய்ச்சியாளரும் இலவசமாகப் பெறலாம். பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது. அதற்கு முந்தைய கட்டுரைகளுக்குத்தான் ஆதாரம் காட்டிக் காட்டி அலுத்துப்போனது. நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரே நாலைந்து விதமாகப் பதிவாகியிருந்தது. உள்நாட்டு இதழ்களில் வந்த சில பழைய கட்டுரைகள் அந்தத் தளத்தில் அறவே இல்லை.

ஒரு கணக்கில் எச்-இண்டெக்ஸ் 11, இன்னொன்றில் 7. இணைத்தால் 18 வரும் என்று பக்கத்து அறை நண்பர் வாழ்த்தே சொல்லிவிட்டார். வந்தது 13. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த இந்த அளவைக் கூட்டிப் பார்க்க முடியாது. 13 என்றால், குறைந்தது 13 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 13 இருக்கின்றன என்று பொருள். ஒரே கட்டுரை ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் இதில் அது ஒன்றுதான்.

இந்த எண்ணும் வழக்கத்துக்கு எங்கள் துறையே ஒரு தொட்டில் என்பதை இந்த அலைச்சலின்போதுதான் படித்தேன். யூஜீன் கார்ஃபீல்டு 1963இல் மரபியலுக்கு மட்டும் ஒரு மேற்கோள் அட்டவணையை முன்னோட்டமாக வெளியிட்டார். அவரை ஊக்கப்படுத்தியவர்களில் ஒருவர், நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பர்க். எந்தக் கட்டுரையை யார் தொடர்ந்து ஆராய்ந்தார்கள் என்று தேடிப் பிடிக்க உதவும் கருவியாகத்தான் அது உருவானது. அது பதவி உயர்வுப் படிவத்துக்குள் வந்து உட்கார்ந்தது பிந்தைய கதை.

என்னுடையவற்றில் அதிக மேற்கோள் பெற்றது, பல நாட்டவர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை. ஆசிரியர் பட்டியலே அரைப் பக்கம். நான் நடுவில் எங்கோ இருக்கிறேன். நான் செய்தது சில ரகங்களின் விதையும் அளவீடுகளும் அனுப்பியதுதான். என் உழைப்பில் பெரும்பகுதியை விழுங்கியது ஒரு நெல் ரகம். பிற்பகலில் பூவின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுத்து, கதிருக்கு உறை மாட்டிவிட்டு, மறுநாள் காலை ஆண் செடியின் கதிரை அதன்மேல் உதிர்க்க வேண்டும். ஒரு பை தப்பினாலும் அந்தப் பூ தன்னைத்தானே சூல்கொண்டுவிடும். அதன்பின் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு, பல இடங்களில் சோதனை, கடைசியில் ரக வெளியீடு. அதை விதைக்கும் விவசாயி யாரும் மேற்கோள் காட்டப் போவதில்லை. அந்த ரகத்துக்கு வல்லுநர் விதை (ரகத்தை உருவாக்கியவர் தரும் மூல விதை), ஆதார விதை (அதிலிருந்து பெருக்கியது) எவ்வளவு போனது என்ற பதிவேட்டு நகலைப் படிவத்தின் 'பிற விவரங்கள்' பகுதியில் இணைத்தேன்.

நேர்காணலில் ஒருவர், மனித மரபியலில் இருப்பவருக்கு எச்-இண்டெக்ஸ் இதைவிடப் பல மடங்கு இருக்கிறதே என்று கேட்டார். புற்றுநோய் மரபணுவைப் பற்றி எழுதினால் மேற்கோள் காட்ட உலகம் முழுக்க ஆய்வகங்கள் உண்டு. நெல் வேரைப் பற்றி எழுதினால் நெல் வேரைத் தோண்டுகிறவர்கள்தானே காட்ட வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு, விதைப் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே போனது.

ஆணை வந்துவிட்டது. விண்ணப்பிக்கவிருப்போர் கணக்கு இணைப்பை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். திருத்தம் கேட்ட அன்றே நடந்துவிடாது. எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் பார்த்த எண் என்பதைப் படிவத்திலேயே எழுதி, திரையைப் படமெடுத்து இணையுங்கள். தளத்துக்குத் தளம் எண் மாறும். சரிபார்ப்பவர் வேறொன்றைத் திறந்து பார்த்தால் வீண் சந்தேகம் வரும்.