பச்சை டிக்

மார்ச் 23, திங்கள்

41 சதவீதத்துல ரெண்டாவது டிஸ்க்கும் போச்சு. வெள்ளிக்கிழமை செத்ததுக்குப் பதிலா புதுசு போட்டு ரீபில்ட் ஓடிட்டிருந்துச்சு, செத்ததுல இருந்ததை மீதி டிஸ்க்கை வச்சு திரும்பப் புதுசுல எழுதுறது. சர்வர்ல ரெய்டு 5, எட்டு டிஸ்க் சேர்ந்து ஒண்ணா ஓடும், ஒண்ணு செத்தா தாங்கும், ரெண்டு செத்தா மொத்தமும் போச்சு. எட்டும் ஒரே நாள்ல வாங்குனது, ஒண்ணு விழுந்தா மத்ததுக்கும் அதே வயசுதானே, அது போதாதுன்னு ரீபில்ட் வேற மீதி டிஸ்க் அத்தனையையும் மூலை முடுக்கு விடாம படிக்க வைக்கும். இதெல்லாம் தெரியும். தெரிஞ்சும் சனி ஞாயிறு ஓடட்டும்னு வீட்டுக்குப் போனேன் பாருங்க.

பரவால்ல, பேக்கப் இருக்கு. ராத்திரியே ரீஸ்டோர் போட்டாச்சு.

மார்ச் 24, செவ்வாய்

ஈ டிரைவ் லிஸ்ட்லயே இல்ல.

மார்ச் 25, புதன்

நேத்து ஒரு வரிக்கு மேல எழுத முடியல. இடம் பத்தலைன்னு ஏழு மாசம் முன்னாடி ஈ டிரைவ் சேர்த்து அக்கவுண்ட்ஸ் ஃபோல்டர், டிராயிங் எல்லாத்தையும் அங்க மாத்தினோம். மாத்தினது நான். தினசரி பேக்கப் ஜாப்ல சி, டி மட்டும்தான் டிக் ஆகியிருந்துச்சு, ஜாப் தினமும் சி, டி எடுத்துச்சு, தினமும் பச்சை காட்டுச்சு. பொய் எதுவும் சொல்லல அது. சொன்ன வேலையை செஞ்சேன்னு சொல்லுச்சு, நான்தான் அதை எல்லாம் பத்திரம்னு படிச்சேன். ஏழு மாசம் காலைல முதல் வேலையா அந்த பச்சையைப் பார்த்துட்டுத்தான் மத்ததைத் தொடுவேன்.

டேப் ஜாப் தனி, கேசட் மாதிரி காந்த டேப்புல எடுக்கறது, பழைய சீனியர் போட்டது, "இருக்கிற டிரைவ் எல்லாம்"னு இருக்கும். மாசக் கடைசில ஒரு ஃபுல் பேக்கப், வேற கட்டடத்துல வைக்கிறோம். அப்போ பிப்ரவரி 28 டேப்புல ஈ இருக்கணும். இருக்கணும்.

சார் வந்து நின்னாரு. "ரெய்டு இருக்கே, அப்புறம் எப்படிப்பா போச்சு?" இதே ரெய்டைக் காட்டித்தான் போன வருஷம் பேக்கப் பட்ஜெட்ல பாதியை வெட்டினாரு. டிஸ்க் ஒண்ணு செத்தா வேலை நிக்காம இருக்கத்தான் ரெய்டு, யாராவது ஃபைலை அழிச்சா அதுவும் சேர்ந்து உடனே அழிச்சிடும்னு அன்னிக்கே சொன்னேன். இன்னிக்கு சொல்லல. சொல்ற மூஞ்சி எனக்கு இல்ல.

மார்ச் 26, வியாழன்

டேப் வந்துச்சு. பாஸ்ஃப்ரேஸ், அதான் நீள பாஸ்வேர்டு, கேக்குது.

என்கிரிப்ட் பண்ணது நல்லதுதான், டேப் வழில தொலைஞ்சா எவனும் படிக்க முடியாது. இப்போ நாங்களும் படிக்க முடியாது. பாஸ்வேர்டு எல்லாம் வச்சிருக்கிற வால்ட்டோட ஃபைல் எங்க இருக்கு? ஈ டிரைவ்ல. பெட்டி சாவியைப் பெட்டிக்குள்ளயே வச்சுப் பூட்டினவனைக் கேலி பண்ணியிருக்கேன் நான்.

பழைய சீனியருக்கு போன். "அண்ணே, டேப் பாஸ்ஃப்ரேஸ்..." "கவர்ல எழுதி ஒட்டி லாக்கர்ல வச்சேனே தம்பி, உன்கிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன்." சொன்னாரா? ஞாபகமே இல்ல. லாக்கர் சாவி வச்சிருக்கிற மேடம் லீவு, நாளைக்குத்தான் வருவாங்க.

கவர் இருக்குமா.

மார்ச் 27, வெள்ளி

இருந்துச்சு! கையெழுத்துல. அது இங்கிலீஷ் 'ஓ'வா சைபரா, சின்ன 'எல்'லா ஒண்ணா? ஜூனியர் பையன் வாசிக்க நான் அடிச்சேன், கை நடுங்குது. மூணாவது தடவை திறந்துச்சு. பையன் கத்தினதுல பக்கத்து ரூம்ல இருந்து ஆள் வந்துட்டாங்க.

மதியம் 3 மணிக்கு ரீஸ்டோர் ஆரம்பம். 4 டிபி. ஒரு கிகாபிட் லைன்ல செகண்டுக்கு 110 எம்பி வரும், பத்து மணி நேரத்துல முடிஞ்சிடும்னு சார்கிட்ட வாய விட்டுட்டேன்.

மார்ச் 28, சனி

30 எம்பி. எல்லாம் பொடிப்பொடி ஃபைல், லட்சக்கணக்குல. பத்து மணி நேரம் இல்ல, முப்பத்தேழு. டிஸ்க் மெதுவா வாங்கி எழுதுது, அவ்வளவு மெதுவா ஓட முடியாம டேப் நிக்குது, கொஞ்சம் பின்னாடி சுத்துது, மறுபடி முன்னாடி வருது, அந்த சத்தம் இப்போ தலைக்குள்ளயே ஓடுது. ஆர்டிஓ, அதாவது எவ்வளவு நேரத்துல எல்லாத்தையும் மீட்கணும்ங்கற கெடு, எட்டு மணி நேரம்னு பாலிசில அழகா டைப் பண்ணி வச்சிருக்கோம், யாரு எதை வச்சு அளந்தாங்கன்னு தெரியல. நானா கூட இருக்கலாம்.

சும்மா உக்காந்திருக்க முடியாம பழைய வருஷாந்திர டேப்பை எண்ணினேன். ஒன்பது எல்டிஓ 6, அந்த டேப் வகையில ஆறாவது தலைமுறை. டேப் படிக்கிற எங்க டிரைவ் எல்டிஓ 8, அது 7, 8 ரெண்டைத்தான் படிக்கும். அந்த ஒன்பதும் இன்னிக்கு எங்களுக்கு வெறும் பிளாஸ்டிக். இதை எப்போ சாருக்கு சொல்றது.

ராத்திரி, தூக்கம் இல்ல. 2017 ஜனவரி 31 கிட்லேப், புரோகிராமர்கள் கோட் வைக்கிற தளம், அதோட கதை திரும்பத் திரும்ப வருது. ராத்திரி வேலைல ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சாரு, 300 ஜிபி கிட்ட போச்சு. பேக்கப் எங்கேன்னு போய்ப் பார்த்தா போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட வெர்ஷன் ஒத்துப்போகாம டம்ப், அதான் அதோட பேக்கப், ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு, ஃபெயில்னு சொல்ல வேண்டிய மெயிலை வாங்குற சர்வரே தள்ளிவிட்டிருக்கு. ஆறு மணி நேரம் முன்னாடி வேற ஏதோ வேலைக்குன்னு கையால எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட், அந்த நேரத்து நகல், அதுதான் காப்பாத்துச்சு. அவங்களுக்கு மெயில் வரல. எனக்கு தினமும் ஒழுங்கா வந்துச்சு, பச்சைன்னு.

மார்ச் 29, ஞாயிறு

காலைல 4.10. முடிஞ்சது. நூறு ஃபைல் திறந்து பார்த்தேன், நூறும் திறந்துச்சு. தூங்கப் போறேன்.

மார்ச் 30, திங்கள்

அக்கவுண்ட்ஸ் மேடம் ரொம்ப சந்தோஷமா வந்தாங்க, பத்து நிமிஷத்துல திரும்பி வந்தாங்க. "தம்பி, இதுல பிப்ரவரி வரைக்கும்தான் இருக்கு?" ஆமா மேடம். "மார்ச்?" நான் ஒண்ணும் சொல்லல. அவங்களும் திட்டல. நாற்காலியை இழுத்துப் போட்டு, யார் யாருக்கு எதை மெயில்ல அனுப்பினோம்னு பேப்பர்ல எழுத ஆரம்பிச்சாங்க. திட்டியிருக்கலாம்.

மார்ச் 31, செவ்வாய்

இன்னிக்கு உலக பேக்கப் தினமாம். எச்ஆர் போஸ்டர் அனுப்பியிருக்காங்க. பையன் சிரிச்சு சிரிச்சு கண்ல தண்ணி.

மீட்டிங்ல சார், "எல்லாத்தையும் கிளவுட்ல சிங்க் பண்ணிட்டா முடிஞ்சுது." சிங்க்ன்னா இங்க கெட்டா அங்கயும் கெடும் சார், ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்குற ரான்சம்வேர் வந்தா பூட்டின ஃபைலை அழகா மேல ஏத்தி வைக்கும்னு சொன்னேன். நான் கேட்டது மூணு: குறிச்ச நாள் வரைக்கும் அட்மினே நினைச்சாலும் அழிக்க முடியாத ஒரு காப்பி, பேக்கப் சர்வரை ஆபீஸ் லாகின் எல்லாம் ஒண்ணா இருக்கிற டொமைன்ல இருந்து வெளிய எடுக்கறது, எல்டிஓ 6 படிக்க ஒரு பழைய டிரைவ். முதல் ரெண்டுக்கும் தலையாட்டினாரு. மூணாவதுக்கு "ஒன்பது டேப்பா?"ன்னாரு, அப்புறம் ரொம்ப நேரம் பேசல.

கவரை ரெண்டா எழுதியாச்சு. ஓவுக்கும் சைபருக்கும் தனித்தனியா குறிப்பு போட்டு.

ஏப்ரல் 1, புதன்

ஈ டிரைவ் ஜாப்ல இருக்கு. நாலு தடவை பார்த்துட்டேன். தினம் ஒரு ஃபைலை ரீஸ்டோர் பண்ணி திறந்து பார்க்கறதுன்னு வச்சிருக்கேன். இன்னிக்கு ஒரு டிராயிங், திறந்துச்சு.

ஏப்ரல் 2, வியாழன்

சம்பள ஷீட். திறந்துச்சு. கவர் லாக்கர்லதான் இருக்கு, போய்ப் பார்த்தேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

அக்கவுண்ட்ஸ் டேட்டாபேஸ் ஃபைல். திறக்கல. ஓடிட்டிருக்கும்போதே அப்படியே காப்பி எடுத்திருக்கு, பாதி எழுதினது பாதி எழுதாததுமா. ஜாப் பச்சை. டேப்ல இருந்து வந்ததையும் போய்ப் பார்க்கணும், அன்னிக்கு திறந்த நூறுல இது இருந்துச்சா இல்லையா