மூன்று கோச்சுகள், ஒரே முழங்கை

பிப்ரவரியில் டெக்சாஸ் பள்ளிகளின் பேஸ்பால் சீசன் தொடங்கும். கொஞ்ச நாளிலேயே முழங்கையின் உட்பக்கத்தைத் தடவிக்கொண்டு பையன்கள் எங்கள் கிளினிக்குக்கு வர ஆரம்பிப்பார்கள். டல்லாஸ் புறநகரில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் எனக்கு இது வருடா வருடம் தவறாமல் வரும் கூட்டம். பெரும்பாலும் பிட்சர்கள், அதாவது பந்து எறிபவர்கள். வயது பதின்மூன்றிலிருந்து பதினெட்டுக்குள் இருக்கும்.

கூட வரும் அப்பாவோ அம்மாவோ முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தப் பந்து போட்டதால் இப்படி ஆனது? கர்வ்பாலை, அதாவது வளைந்து இறங்கும் பந்தை, சீக்கிரமே சொல்லிக்கொடுத்த கோச் மேல் சந்தேகம் இருக்கும். அல்லது போன சனிக்கிழமை ஆறாவது இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஒரே ஆட்டம் பல இன்னிங்ஸாக நடக்கும்) போட்ட அந்த ஒரு பந்தின் மேல். கிணற்றுக் கயிறு அறுந்தால் கடைசியாக இறைத்த வாளியைக் குற்றம் சொல்வதுபோல இது. இழைகள் அதற்கு முந்தைய மாதங்களில் ஒவ்வொன்றாகப் போயிருக்கும். அதனால் நான் பந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் போனில் காலண்டரைத் திறக்கச் சொல்வேன்.

நான் படித்தது கோவையில். அங்கே பயிற்சிக் காலத்தில் நான் பார்த்தது வேகப்பந்து வீச்சாளர்களின் கீழ்முதுகு. கிரிக்கெட்டில் பந்தை விடும்போது முழங்கையை ஓரளவுக்கு மேல் நீட்டக் கூடாது. ஓடி வரும் வேகத்தையும் உடம்பின் வளைவையும் முதுகெலும்பு வாங்கிக்கொள்ளும், அங்கேதான் விரிசல் விழும். பேஸ்பாலில் கதையே வேறு. பிட்சர் கையை மடக்கிப் பின்னால் கொண்டுபோவார், முன்கை கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்துப் படுக்கும், அடுத்த கணம் தோள்பட்டை நொடிக்கு 7,000 டிகிரி என்ற கணக்கில் உள்பக்கம் சுழலும். மனித உடம்பில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று. அப்போது முழங்கையின் உட்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது யூசிஎல் என்ற சின்ன லிகமென்ட், எலும்பையும் எலும்பையும் இணைக்கும் நார்.

தேர்ந்த பிட்சர்களை ஆய்வுக்கூடத்தில் எறியவைத்து அளந்தபோது அந்த இடத்தில் சுமார் 64 நியூட்டன்-மீட்டர் திருகு விசை வந்தது. இறந்தவர்களின் முழங்கையை வைத்துச் சோதித்தால் லிகமென்ட் மட்டும் தனியாக அதில் பாதியளவிலேயே அறுந்துவிடுகிறது. அப்படியானால் மீதிச் சுமையைத் தாங்குவது முன்கையின் உட்பக்கத் தசைகளும் எலும்புப் பொருத்தமும்தான். தசை தெம்பாக இருக்கும்வரை லிகமென்ட்டுக்குத் துணை உண்டு. தசை களைத்துவிட்டால் அது தனியாக மாட்டிக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பிட்சர்களின் காயத்தில் முக்கால்வாசி புரிந்துவிடும் என்பது என் கருத்து.

பரிசோதிக்கும்போது பையனின் கையைப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை நன்றாக மடக்கி, உட்பக்கம் திறக்கிற மாதிரி அழுத்தம் கொடுத்துக்கொண்டே சட்டென்று நீட்டுவேன். 120 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் நடுவில் வலி எழுந்தால் லிகமென்ட்டைச் சந்தேகப்பட வேண்டும். பதினைந்து வயதுப் பையன்கள் வலியை முகத்தில் காட்டமாட்டார்கள், அடுத்த வார ஆட்டம் போய்விடுமே என்ற பயம். ஆகவே நான் முகத்தைப் பார்ப்பதில்லை. மறு கையைப் பார்ப்பேன். வலிக்கும் நொடியில் அது கட்டிலின் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும்.

இன்னும் சின்னப் பையன்களுக்கு லிகமென்ட்டைவிட எலும்பின் வளர்ச்சித் தகடுதான் பலவீனமான இடம். அதே இழுப்பு அங்கே அந்தத் தகட்டைப் பிரிக்கப் பார்க்கும். இரண்டு முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எறிகிற கையில் இடைவெளி அகலமாகத் தெரியும். நல்லவேளையாக, அந்த வயதில் பலருக்கு எறிவதை நிறுத்தி ஓய்வு கொடுத்தாலே ஆறிவிடும்.

காலண்டருக்கு வருகிறேன். ஒரு பதினைந்து வயதுப் பையன். அவன் அம்மா போனைத் திறந்தபோது பக்கம் முழுக்க மூன்று நிறம். பச்சை, பள்ளி அணி. நீலம், வார இறுதி டோர்னமென்ட்டுகளுக்குப் போகும் டிராவல் அணி. ஆரஞ்சு, புதன்கிழமை தனிப் பயிற்சி. செவ்வாய்க்கிழமை பள்ளிக்காக 80 பந்து. புதன்கிழமை தனி கோச்சிடம் முழு வேகத்தில் பயிற்சி. சனிக்கிழமை டிராவல் அணிக்கு 60 பந்து, அன்றே அடுத்த ஆட்டத்தில் கேட்சராக நின்றிருக்கிறான். பேட் செய்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிந்துகொண்டே இருப்பவர். பிட்சரே கேட்சராகவும் ஆடக் கூடாது என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள்.

அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலும், தேசிய அமைப்பான யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. 15, 16 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்துகள். 76-ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. வருடத்தில் நான்கு மாதமாவது போட்டியில் பிட்ச் செய்யக் கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகக் கையைத் தூக்கி எறியவே கூடாது. 2017 முதல் ஒவ்வொரு மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்பும் பந்துக் கணக்கு விதி வைத்திருக்க வேண்டும் என்றும் ஆகிவிட்டது. இந்தப் பையனின் பள்ளி கோச் விதியை மீறவில்லை. டிராவல் கோச்சும் தன் அளவில் மீறவில்லை. தனிப் பயிற்சியாளருக்கு விதியே கிடையாது. மூன்றையும் கூட்டிப் பார்க்கிற வேலை மட்டும் யாருடையதாகவும் இல்லை.

இதிலும் எண்ணப்படாத பந்துகள் இருக்கின்றன. ஃப்ளோரிடாவில் பள்ளி பிட்சர்களை உட்கார்ந்து எண்ணியபோது, ஆட்ட நாளில் போட்ட பந்துகளில் நூற்றுக்கு 42 கணக்கிலேயே வரவில்லை. பிட்சர்கள் ஆட்டத்துக்குத் தயாராகும் இடமான புல்பென்னில் போட்டவை, இன்னிங்ஸுக்கு முன் வார்ம்-அப்பாகப் போட்டவை. ஸ்கோர் புத்தகத்துக்குத் தெரியாவிட்டாலும் அவையும் கையைக் களைக்கவைக்கும் பந்துகள்தான்.

அலபாமாவின் பர்மிங்காமில் இருக்கும் ஏஎஸ்எம்ஐ ஆய்வு நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஒரு முடிவைப் பெற்றோர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்கு வந்த இளம் பிட்சர்களையும் காயமில்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் பிட்ச் செய்தவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு. கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு 36 மடங்கு. 2011-இல் அதே நிறுவனம், 481 சிறுவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்ததன் முடிவை வெளியிட்டது. வருடத்தில் 100 இன்னிங்ஸைத் தாண்டியவர்களுக்கு 3.5 மடங்கு. கர்வ்பால் தனிக் குற்றவாளி என்று அந்த ஆய்வில் நிரூபணமாகவில்லை. அதற்காகப் பத்து வயதில் கர்வ்பால் போடட்டும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பெற்றோரின் பயம் போகவேண்டிய இடம் அதுவல்ல.

வேகத்தின் மேல் பயம் வேண்டும். மேஜர் லீக்கில் ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பால் எனப்படும் வேகப்பந்தின் சராசரி வேகம் 2008-இல் மணிக்கு 91.3 மைல், 2024-இல் 94.2. காயங்கள் பெருகியதற்கு வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதும் முக்கியக் காரணங்கள் என்று 2024 டிசம்பரில் லீக்கே வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதே ஆசை இறங்கி இறங்கிப் பன்னிரண்டு வயதுக்கு வந்துவிட்டது. கல்லூரித் தேர்வாளர்கள் வரும் ஷோகேஸ் நிகழ்ச்சிகள் பலவும் குளிர்காலத்தில், கை ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களில் நடக்கின்றன. அங்கே வேகத்தை அளக்கும் ரேடார் கன் முன்னால் யாரும் 80 சதவீத பலத்தில் எறிவதில்லை. கனமான பந்துகளை எறிந்து வேகம் கூட்டும் ஆறு வாரப் பயிற்சியை 2018-இல் சோதித்தார்கள். வேகம் 3.3 சதவீதம் கூடியது, பயிற்சி எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்குக் காயம். ஒரு தந்தையிடம் இந்த இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்தேன். முதல் எண்ணின் மேல்தான் அவர் விரல் நின்றது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

காயம் பட்டால் ஆபரேஷன் இருக்கிறதே என்ற தைரியமும் சேர்ந்துகொள்கிறது. 1974 செப்டம்பர் 25-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் டாக்டர் ஃப்ராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் அணியின் இடது கை பிட்சர் டாமி ஜானுக்கு வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் லிகமென்ட்டாகக் கோத்தார். ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார், ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள். அது பெரிய சாதனை. ஆனால் அந்தக் கதை இப்போது வேறு மாதிரி பரவியிருக்கிறது. 2012-இல் வந்த ஒரு கருத்துக்கணிப்பில், காயமே இல்லாவிட்டாலும் திறமை கூடுவதற்காக இந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளலாம் என்று பள்ளி ஆட்டக்காரர்களில் 51 சதவீதம் பேர் நினைத்தார்கள். அமெரிக்காவில் 2007 முதல் 2011 வரை இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேல் 15 முதல் 19 வயதுக்காரர்கள். அவர்கள் என்னிடம் வரும்போது முதல் வேலை டென்னிஸ் பந்தைப் பிழிவது. எறியத் தொடங்கவே மாதக்கணக்காகும், போட்டிக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல். எல்லோரும் பழைய நிலைக்கு வருவதில்லை.

தடுப்பு என்று நான் சொல்லித்தருவதில் புதுமை ஒன்றுமில்லை. இடுப்பும் காலும் வலுவாக இருந்தால் கை மட்டும் வேகத்தைத் தயாரிக்க வேண்டியதில்லை. தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிற்கும் பின்தசைகளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி, எறிந்த மறுநாள் தோளின் உள்சுழற்சி குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது, நான்கு மாதம் வேறு ஏதாவது விளையாட்டு. குளிர்காலத்தில் கூடைப்பந்து ஆடும் பையன்களைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். இந்தப் பயிற்சிகளை எல்லா வீட்டிலும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஓய்வைத்தான் மறுக்கிறார்கள்.

மேலே சொன்ன பதினைந்து வயதுப் பையனுக்கு லிகமென்ட் அறுந்திருக்கவில்லை, லேசான கிழிசல். எறியாமல் மூன்று மாதம் இருந்தான், பிறகு 45 அடியிலிருந்து மெல்ல ஆரம்பித்தோம். அவன் அம்மா மூன்று கோச்சுகளையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். தேதி, பந்துகளின் எண்ணிக்கை, வார்ம்-அப் உட்பட, கேட்சராக நின்றானா, கை களைத்தது என்று அவனே சொன்னானா. இவ்வளவுதான் அதில் எழுத வேண்டும். தனிப் பயிற்சியாளர் முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரும் எழுத ஆரம்பித்தார். இந்த மார்ச்சில் ஒரு டோர்னமென்ட்டின் இறுதி ஆட்டத்தில் பையனை டிராவல் கோச் உட்காரவைத்துவிட்டார். வியாழக்கிழமை பள்ளிக்கு எத்தனை பந்து போட்டான் என்பது அவர் போனில் இருந்தது. பையனுக்குக் கடும் கோபம். அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்தவன் என்னிடமும் பேசவில்லை. ரப்பர் பட்டைப் பயிற்சி அத்தனையையும் செய்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.